இடை ஊதுகிறவர்

பூந்தமல்லியில் எங்கள் பேண்டு செட்டில் டிராம்போன் கன்னியப்பனுடையது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக் காருக்கு முன்னால் எங்களைப் பார்த்திருப்பீர்கள். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம், வியர்வையில் ஊறிய தொப்பி. முதல் வரிசையில் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் போகும். பாட்டு அவர்களுடையது. பெரிய டிரம் ‘தும்’ என்று அடி போடும். ஒரு தும்முக்கும் அடுத்த தும்முக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில் ‘பா’ என்று ஒரு குட்டி ஊது விழ வேண்டும். தும்-பா, தும்-பா. எங்கள் செட்டில் அதற்கு இடை என்று பெயர். இருபது வருஷத்துக்கு மேலாகக் கன்னியப்பன் ஊதுவது அந்தப் ‘பா’ ஒன்றைத்தான்.

அது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு தெரு நடந்து ஊதிப் பார்க்கட்டும். கால் அடியின் மேல்தான் விழும், தட்டுகிற கையும் அங்கேதான் விழும். இடை ஊதுகிறவர் காலை ஓரிடத்திலும் மூச்சை வேறோர் இடத்திலும் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். நடுவில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம் வரும், மாடு வரும், தண்ணி லாரி வரும். இடை கொஞ்சம் முந்தினால் ஊர்வலம் ஓட ஆரம்பித்துவிடும். கொஞ்சம் பிந்தினால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சாவு ஊர்வலம் போல ஆகிவிடும். நான் அவருக்குப் பக்கத்தில் சைடு டிரம் அடித்துக்கொண்டு நடக்கிறவன். அவருடைய இடை காதில் இருக்கிற வரை என் குச்சிகள் தடுமாறியதில்லை. இதை அவரிடம் நேராகச் சொன்னதில்லை. அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் குத்தம்பாக்கம் பக்கம் வயல் வேலைக்குப் போனவர்கள். இவர் திருமழிசையில் ஒரு பட்டறையில் இரும்புச் சாமான்களுக்குப் பவுடர் பெயின்ட் அடிக்கிறார். மனைவி சொர்ணம் அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனியில் வேலை செய்கிறார். மகள் பானுப்பிரியா நர்சிங் படிக்கிறாள். கன்னியப்பனுக்கு டிராம்போன் கிடைத்தது கை நீளமாக இருந்ததால்தான். குழலை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கிற வாத்தியம் அது. தெருப் பிள்ளைகள் அதைச் சைக்கிள் பம்பு என்பார்கள்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சாப்பாட்டுப் பந்தியில் கடைசியாக உட்காருகிற நேரங்களில் என்னிடம் சொல்வார்.

“ஒரு தபா தனியா ஊதணும் மாமே. நான் ஊதறப்போ மத்தவன் எனக்கு இடை போடணும். ஒரே ஒரு தபா.”

எங்கள் மாஸ்டர் ஜம்புலிங்கம் காதில் அது விழுந்துவிடும். டிரம்பெட் அவருடையது, செட்டும் அவருடையது. கெட்ட மனுஷர் இல்லை. “டிராம்போன்ல இன்னாடா தனி? யானைக்கு ஜலதோசம் புட்ச்ச மாரி இருக்கும். குந்தி சாப்புடு” என்பார். எல்லோரும் சிரிப்போம். கன்னியப்பனும் சிரிப்பார். ஆனால் அந்த ஆசை போகவில்லை.

அயனம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வரவேற்புக்குப் போயிருந்தோம். கேட்டிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம். பெண்கள் டிரம்பெட்டுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும், பட்டுப்புடவையும் கையில் கழற்றிப் பிடித்த செருப்புமாக, எங்கள் வரிசைக்கு வந்து கன்னியப்பன் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தாள். அவர் குழலைத் தள்ளும்போது அவள் மேல் படாமல் இருக்க ஒதுங்கினார். அவளும் ஒதுங்கி, மறுபடி பக்கத்தில் வந்தாள். பாட்டு முடிந்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

“இன்னாமா, எதுனா தப்பா ஊதறனா?”

“ஐயோ, இல்லீங்ணா. நீங்க ஊதறதக் கேக்கத்தான் நடந்துட்டிருக்கறேன்.”

“பாட்டு முன்னாடி போவுது பாருமா.”

“பாட்டு கெடக்குதுங்ணா.”

பாட்டு கிடக்கிறது என்று ஒருவர் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் முறை.

அவள் பெயர் ரோஷினி. கோயம்புத்தூர்க்காரி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அந்தக் குடியிருப்பிலேயே வீடு. கீபோர்டு வாசிப்பாள். அவளும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். கிடார் வாசிக்கும் சரண் மதுரைக்காரன், டிரம்ஸ் கிஷோர். அவர்களிடம் ஊதுகிற ஆள் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டாள். தனியாக வர மாட்டேன் என்று கன்னியப்பன் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கார் நிறுத்துகிற தளத்தில், பழைய நாற்காலிகள் அடுக்கிய ஓர் அறையில் அவர்கள் பழகுவார்கள். ரோஷினி செல்போனில் ஒரு பாட்டைப் போட்டாள். கொஞ்சம் கேட்டதும் கன்னியப்பன் என் தொடையில் தட்டினார்.

“மாமே, இது நம்ம இடை!”

அதேதான். கிடார் முழுக்க முழுக்க அடிக்கு நடுவிலுள்ள சந்தில் விழுந்துகொண்டிருந்தது. ஸ்கா என்று பெயராம். ஜமைக்கா என்ற தீவில் பிறந்த சங்கீதம். அதை ஆரம்பித்தவர்களில் பலர் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தவர்கள், பேண்டில் ஊதிப் பழகியவர்களும் உண்டு என்றாள் ரோஷினி. ஸ்காவில் இடைதான் முதுகெலும்பு. அதன் மேல் ஜாஸ் ஏறும்போது என்ன நடக்கும் என்பதையும் சொன்னாள். எல்லோரும் சேர்ந்து பல்லவியை வாசிப்பார்கள். பிறகு ஒருவர் மட்டும் பல்லவியை விட்டுக் கிளம்பி, மனதில் வருவதை வாசிப்பார். மற்றவர்கள் கீழே அதே சுற்றைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவர் சுற்றிவிட்டு வந்ததும் மறுபடி பல்லவி.

முதல் பாதியில் கன்னியப்பனுக்கு எந்தச் சிரமமும் இல்லை. இருபது வருஷப் பழக்கம். கிஷோர் அடி போட, சரணும் இவரும் சேர்ந்து இடை போட்டார்கள். அந்தச் சின்ன அறை ஆடியது. எனக்கே கால் நிற்கவில்லை. பிறகு ரோஷினி அவரைப் பார்த்துக் கை நீட்டினாள். “இப்ப நீங்கங்ணா.”

“யாரு பாட்டுமா ஊதணும்?”

“உங்க பாட்டுதான்.”

“எனக்குன்னு பாட்டு ஏதுமா?” என்றார் கன்னியப்பன். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார்.

கேட்டுவிட்டு ஊதிப் பார்த்தார். ஏற்கனவே தெரிந்த சினிமாப் பாட்டு ஒன்று வந்தது. அடுத்த முறையும் இன்னொரு சினிமாப் பாட்டு. ஆசைப்பட்ட இடம் கண் முன்னால் இருந்தது, உள்ளே போகத்தான் வழி தெரியவில்லை. ஆனால் அவர் விடவில்லை, நாங்கள் ஞாயிறுதோறும் போனோம். குடியிருப்பு விழாவில் குழுவின் நிகழ்ச்சி என்று முடிவானது. அதில் ஒரு சுற்று அவருக்கு என்று ரோஷினி எழுதியே வைத்துவிட்டாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த விபரீதம் நடந்தது. அன்றைக்குக் கன்னியப்பன் சினிமாப் பாட்டை விட்டுவிட்டு ஏதோ தேடி ஊதிக்கொண்டிருந்தார். கண் பாதி மூடியிருந்தது. திடீரென்று சரண் அவரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கி, தன் உச்சந்தலையில் விரலால் தட்டிக் காட்டினான். ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை.

கன்னியப்பன் நிறுத்தினார். வாய்த்துண்டைக் கழற்றித் துடைத்தார். குழலைப் பெட்டிக்குள் வைத்தார். “வேல கீதுமா, கெளம்பறேன்” என்றார். வண்டியில் என் பின்னால் உட்கார்ந்தவர் வேலப்பன்சாவடி தாண்டியதும் என் தோளைத் தட்டினார்.

“பாத்தியா மாமே? மண்டைய தட்டிக் காமிக்கிறான். மண்டைல மசாலா கீதான்னு கேக்கறான். அத்தினி பேர் எதுர்ல.”

நானும் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அதற்கு அதுதான் அர்த்தம்.

அடுத்த ஞாயிறு அவர் போகவில்லை. ரோஷினி போன் செய்தபோது ஷிப்ட் என்றார். அதற்கு அடுத்த ஞாயிறும் ஷிப்ட் என்றார். நான் அவர் வீட்டுக்குப் போனபோது சொர்ணம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“இன்னாண்ணா, ஒன் தோஸ்து ரெண்டு வாரமா ஊட்லயே குந்திகினுகீது? டிவியும் பாக்கல, சண்டையும் போடல. எனக்கே பயமா கீது.”

நான் நடந்ததைச் சொன்னேன். சொர்ணம் கீரையைக் கீழே வைத்தார்.

“அந்தப் புள்ள வாயத் தொறந்து சொல்ச்சா, மண்டைல ஒண்ணும் இல்லன்னு?”

“சொல்லணுமா? அதான் தட்டிக் காமிச்சானே” என்றார் உள்ளேயிருந்து கன்னியப்பன்.

“எங்க சூப்பர்வைசரு எப்பப் பாரு தலைய சொறிஞ்சிகினே என்னாண்ட பேசறாரு. எனக்குப் பைத்தியம்னா சொல்றாரு? பேனு கடிக்குது, சொறியறாரு. போய் கேளுய்யா. ஏசினியான்னு கேளு. ஏசினேன்னு சொன்னான்னா நானே வந்து அந்த கிடாரு கம்பிய அத்துட்டு வரேன்.”

“போயி இன்னான்னு கேக்கறது?”

“வாய் வெச்சி ஊதறல்ல? அதே வாய்ல கேளு.”

அடுத்த ஞாயிறு போனோம். சரண் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கன்னியப்பன் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“தம்பி, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி இன்னாத்துக்கு மண்டைய தட்டிக் காமிச்ச?”

சரணுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயையோ, அண்ணே! அது பாட்டோட தலைண்ணே. பல்லவியத் தலைன்னு சொல்வாங்க. தலையத் தொட்டா, சுத்து முடிஞ்சிருச்சு, எல்லாரும் பல்லவிக்கு வாங்கன்னு அர்த்தம். ஜாஸ் வாசிக்கறவங்க எல்லாருமே அப்படித்தாண்ணே காட்டுவாங்க. உங்களுக்குச் சொல்லணும்னு எங்க யாருக்குமே தோணல பாருங்க.”

கன்னியப்பன் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

“பல்லவியப் போயி ஏன் நைனா மண்டைல வெச்சிகினுகீறீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள், ரோஷினியைத் தவிர. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்க வாசிப்பு புடிக்காமத்தான் நீங்க வரலைன்னு நெனச்சோம்ங்ணா. நானும் இவனும் அதுக்குச் சண்டையே போட்டுட்டோம்.”

இத்தனை நாளும் இரண்டு பக்கமும் தங்களைத்தான் தாழ்வாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். சொர்ணம் தள்ளிவிடவில்லை என்றால் அப்படியே போயிருக்கும்.

சரண் செல்போனை எடுத்தான். பழகுவதையெல்லாம் அவன் பதிவு செய்து வைப்பானாம். “அன்னிக்கு நீங்க நிறுத்துனதுக்கு முன்னாடி என்ன வாசிச்சீங்கன்னு கேளுங்கண்ணே.” டிராம்போன் வந்தது. மெதுவாக, தயங்கித் தயங்கி, சந்துக்குள் சந்து தேடுகிற மாதிரி இரண்டு மூன்று சுரங்கள். எந்தச் சினிமாவிலும் இல்லாதது. பிறகு சட்டென்று அறுந்தது.

“இது நானா?” என்றார் கன்னியப்பன். “இன்னொரு தபா போடு.”

அதன் பிறகு அவர் உழைத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வீட்டில் ஊத இடம் கிடையாது. பட்டறைக்குப் போவதற்கு முன் டிரங்க் ரோடில், கட்டிக்கொண்டிருக்கிற மெட்ரோ தூண்களுக்கு அடியில் நின்று ஊதுவார். லாரிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. தனக்குத் தெரிந்த இடையிலிருந்துதான் ஆரம்பித்தார். ஒரே சுரத்தில் பா, பா. கால் நடக்கும். பிறகு நாலாவது ‘பா’வை மட்டும் கொஞ்சம் மேலே தள்ளுவார். அது உள்ளே நன்றாக உட்காருகிற வரை வேறு எதையும் தொட மாட்டார். பிறகு ஒரு ‘பா’வை விட்டுவிடுவார். விட்ட இடத்தில் என்ன கேட்கிறது என்று நின்று கவனிப்பார். அவசரம் கிடையாது. பெயின்ட் அடிக்கிற கை அது, ஒரு பூச்சு காயாமல் அடுத்த பூச்சு போடாது.

விழா நாள் முகூர்த்த நாளாக அமைந்துவிட்டது. அதே சாயங்காலம் எங்கள் செட்டுக்குக் குத்தம்பாக்கத்தில் வரவேற்பு. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டிரம்கள் தொங்குகிற எங்கள் கடை அறையில் ஜம்புலிங்கம் மாஸ்டர் டிரம்பெட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கன்னியப்பன் விஷயத்தைச் சொன்னார்.

“இடை இல்லாம ஊர்வலம் இட்டுகினு போவ சொல்றியா? ஜனங்க தடுக்கி வியுவாங்கடா.”

“சரி மாஸ்டர். அவங்களாண்ட வரலன்னு சொல்லிடறேன்.”

அவர் அப்படிச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. அதுதான் மாஸ்டரைத் தொட்டிருக்க வேண்டும். எண்ணெய்ப் புட்டியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

“தனியா ஊதப் போறியா?”

“ஒரு சுத்து மாஸ்டர்.”

“போ. நான் பாத்துக்கறேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “ஜீவா, நீயும் கூடப் போ. இல்லாட்டி இந்தாளு பாதி வயில திரும்பி வந்துடுவான்.”

விழா குடியிருப்பின் உள் மைதானத்தில். முதலில் குழந்தைகள் நடனம், பிறகு யாருக்கோ கேடயம், ஓரத்தில் போண்டாக் கடை. சொர்ணமும் பானுப்பிரியாவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கன்னியப்பன் சிவப்புக் கோட்டிலேயே வந்தார். ரோஷினி அதைப் பார்த்துவிட்டு, “இதுதாங்ணா வேணும்” என்றாள்.

பாட்டு தொடங்கியது. தும்-பா, தும்-பா. போண்டாக்காரர் கரண்டியை அதற்கேற்ப ஆட்டினார். பல்லவி இரண்டு முறை முடிந்து, ரோஷினி கையைக் காட்டினாள். கன்னியப்பன் ஓர் அடி முன்னால் வந்து வாயை வைத்தார். காற்று மட்டும் வந்தது, சத்தம் வரவில்லை. சொர்ணம் முந்தானையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். சுற்று நிற்காமல் கீழே போய்க்கொண்டிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பின்னால் கிடார் பா, பா என்று அவருக்கு இடை போட்டுக்கொண்டிருந்தது.

அவர் அதைக் கேட்டார் என்று நினைக்கிறேன். தலையை லேசாக ஆட்டினார். பிறகு ஒரு சுரம். அதே சுரம் மறுபடி. மூன்றாவதை விட்டுவிட்டார். நாலாவதைக் குழலை இழுத்து மேலே கொண்டுபோனார். பிறகு எங்கே போனார் என்று என்னால் சொல்ல முடியாது. தெருமுனையில் திரும்புவது போல ஒன்று வந்தது. யாரையோ கூப்பிடுவது போல ஒன்று. குழந்தைகள் சிரிக்கிற மாதிரி, யானைக்கு உண்மையிலேயே ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒன்றுகூட வந்தது. நடுவில் ஓரிடத்தில் எதுவும் ஊதாமல் குழலை நீட்டிப் பிடித்தபடி நின்றார். அந்த இடத்தில் மைதானமே மூச்சைப் பிடித்தது. அங்கிருந்து மறுபடி கிளம்பினார்.

சுற்று முடிந்து சரண் தன் தலையைத் தட்டினான். கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சரண் ரோஷினியைப் பார்த்தான். அவள் விடு என்று தலையசைத்தாள். இன்னொரு சுற்று போனது.

இறங்கி வந்ததும் கன்னியப்பன் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக்கொண்டார். சரணைக் கட்டிக்கொண்டார். சொர்ணத்திடம் வந்து நின்றார்.

“நடுவுல சொம்மா நின்னுகினு இருந்தியே, மறந்துட்டியா?”

“மறக்கல. அங்க ஒண்ணும் வேணாம்னு தோணுச்சி.”

“அதான் எனக்குப் புட்ச்சிது” என்றார் சொர்ணம். பிறகு சேர்த்தார்: “அல்லாமே புட்ச்சிது. ஆனா அது ரொம்ப.”

மறுநாள் மாலை கடை அறைக்குப் போனோம். ஜம்புலிங்கம் மாஸ்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கீழுதடு வீங்கியிருந்தது. குத்தம்பாக்கத்தில் பாட்டைக் கிளாரினெட்டிடம் கொடுத்துவிட்டு, டிரம்பெட்டில் இடை போட்டது அவரேதான் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

“பேஜார் புட்ச்ச வேலடா இது. இத்தினி வருசம் எப்டிடா ஊதிகினு வந்த? ஒரு தெருவு தாண்டறதுக்குள்ள தாவு தீந்து போச்சி.”

கன்னியப்பன் அவர் காலைத் தொடக் குனிந்தார். மாஸ்டர் டீயைச் சிந்தாமல் நகர்ந்துகொண்டார்.

“அதல்லாம் வோணாம். நேத்து இன்னாத்தையோ ஊதினியாமே, ஜனம் எந்திரிச்சி நின்னு தட்டுச்சாமே. எட்றா பொட்டிய. ஊது, கேக்கறேன்.”

கன்னியப்பன் பெட்டியைத் திறந்து குழலைப் பொருத்தினார். பிறகு தயங்கினார்.

“அது வராது மாஸ்டர். நேத்து வந்தது நேத்தோட போச்சி. வேற ஒண்ணு வேணா ஊதறேன்.”

மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வீங்கிய உதட்டில் டிரம்பெட்டை எடுத்து வைத்தார்.

“சரி, ஊது. நான் இடை போடறேன்.”